நாலரை மணிச் சுண்டல்

மதுரையில் நான் படித்த மகளிர் கல்லூரியின் விடுதியில் மாலை நாலரைக்கு ஒரு மணி அடிப்பார்கள். சுண்டல் மணி. மெஸ் வாசலில் அகலமான அலுமினியச் சட்டியோடு சமையல்கார அக்கா நிற்பார். ஒருநாள் கொண்டைக்கடலை, ஒருநாள் தட்டைப்பயறு, ஒருநாள் பாசிப்பயறு. மாதக் கடைசியில் பெரும்பாலும் மொச்சை. கிண்ணத்தில் ஒரு கரண்டி போட்டு, மேலே எலுமிச்சம்பழம் பிழிந்துவிடுவார். வாங்கியதும் நேரே மைதானத்துக்குப் போய்விட வேண்டும். அறைக்குத் திரும்ப முடியாது. நாலே முக்காலுக்கு விடுதியின் இரும்புக் கதவை வார்டன் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வார். காய்ச்சல் என்று படுத்தவர்களும் அவர்களுக்குத் துணையாக ஓர் ஆயாவும் மட்டும் உள்ளே இருப்பார்கள். மற்ற எல்லோரும் ஆறு மணி வரை மைதானத்தில்தான். இது 1984.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் எங்கள் பி.டி. மேடம். சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கிய கல்லூரி அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவரும் அவர்தான். தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தாலும், போட்ட கை நந்தனத்திலோ, நந்தனத்தில் படித்தவரிடமோ பழகியதாகத்தான் இருக்கும் என்று மேடம் பெருமையோடு சொல்வார். அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. காலேஜ் டீமில் இருப்பவள், இல்லாதவள் என்ற பிரிவை மாலை நேரத்தில் அவர் அனுமதிக்கவே மாட்டார். எந்த ஆட்டம் என்பது உன் இஷ்டம், ஆனால் ஏதாவது ஒரு கோட்டுக்குள் நீ நிற்க வேண்டும். கோ-கோ, கபடி, த்ரோபால், டென்னிகாய்ட், பூப்பந்து. எதுவுமே வராது என்று சொன்னவர்களை மைதானத்தைச் சுற்றி நடக்கவிட்டார். நடந்து சலித்தவர்கள் தாங்களாகவே ஏதாவது ஒரு கோர்ட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள்.

நான் போய் நின்றது பூப்பந்தில். மஞ்சள் கம்பளி நூல் பந்து. எடை 30 கிராமுக்கு மேல் போகாது. பக்கத்துக்கு ஐந்து பேர். பந்து தரையில் பட்டால் பாயிண்ட் போய்விடும். பெரிய முதலீடு எதுவும் வேண்டாத ஆட்டம் என்பதால் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அன்று அது செழிப்பாக இருந்தது. நாலு மர ராக்கெட் உடைந்து கிடந்தாலும் மிச்சமிருப்பதை மாற்றி மாற்றி வைத்து ஆடிவிடலாம்.

நாங்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். என்னைப் போன்றவர்கள் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து வந்தவர்கள். பருத்தி எடுத்திருக்கிறோம், மிளகாய் பறித்திருக்கிறோம், குடம் குடமாகத் தண்ணீர் சுமந்திருக்கிறோம். உழைப்பு உடம்புக்குப் புதிதல்ல. ஆனால் விளையாட்டு புதிது. வயதுக்கு வந்த பெண் தெருவில் ஓடினால் ஊர் பேசும். தாவணியை இடுப்பில் இழுத்துச் சொருகிக்கொண்டு, ஒருத்தி அடித்த பந்தைப் பிடிக்கப் பின்னால் பின்னாலேயே ஓடி விழுந்து எழுந்து சிரித்தபோது, பன்னிரண்டு வயதோடு நின்றுபோன ஒன்றைத் திரும்பக் கையில் வாங்கியதாகவே நாங்கள் நினைத்தோம்.

உடம்பில் தெம்பு இருந்ததா என்றால், இல்லை. முதல் வருடமே ஒரு ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும். எங்களில் பலருடைய அட்டையில் 8 என்றும் 9 என்றும் எழுதினார்கள். மேடம் அந்த அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் சுண்டல் வந்தது. அதோடு டீ கூடாது என்பதும் வந்தது. பயறில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் டீ தடுக்கும், எலுமிச்சை எடுத்துக்கொள்ளத் துணை செய்யும் என்று மெஸ் வாசலில் நின்று அவரே விளக்கினார். டீ ஆறேகால் மணிக்குத்தான்.

சுலபமாக நடந்துவிடவில்லை. எங்கள் மெஸ் டிவைடிங் சிஸ்டம். மாதம் ஆன செலவைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துக் கட்ட வேண்டும். சுண்டல் சேர்ந்தால் பில் ஏறும். வீட்டிலிருந்து மணியார்டர் வரத் தாமதமானால் சாப்பாட்டு டோக்கனே நின்றுவிடும் என்ற நிலையில் இருந்த பெண்கள் எதிர்த்தார்கள். எதிர்த்ததில் நியாயம் இருந்தது. மேடம் மெஸ் செக்ரட்டரியோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். வாரத்தில் ஒருநாள் போட்ட பூரியை நிறுத்தி, அதற்கான மைதா, எண்ணெய்ச் செலவைப் பயறுக்கு மாற்றினார்கள். பூரி போனதில் எங்களுக்கு வருத்தம்தான்.

மற்றபடி அந்த மெஸ் சாப்பாட்டைக் கொண்டாட எனக்கு மனமில்லை. மூன்று வேளையும் அரிசி. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். காய் என்றால் பூசணி, கத்தரி, உருளைக்கிழங்கு. கீரை எப்போதாவது. முட்டை புதன்கிழமை, கறி ஞாயிற்றுக்கிழமை, பழம் என்றால் ஒரு வாழைப்பழம். அந்தக் காலத்துச் சாப்பாடு சத்தானது என்று இன்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் எந்தக் காலத்தை, யாருடைய வீட்டைச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. எங்கள் தட்டில் கம்பும் கேழ்வரகும் இல்லை. ஏழைச் சாப்பாடு என்று அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த மெஸ்ஸில் திட்டமிட்டுச் செய்த ஒரே நல்ல காரியம் நாலரை மணிச் சுண்டல்.

அந்த ஆகஸ்ட்டில்தான் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நாலாவதாக வந்தார். 55.42 வினாடி. மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணுக்கு 55.41. செய்தித்தாளை மேடம் நோட்டீஸ் போர்டில் குத்தி வைத்திருந்தார். நூறில் ஒரு வினாடி என்றால் எவ்வளவு என்று கைதட்டிக் கைதட்டிப் பார்த்தோம். எங்களால் பிடிக்க முடியவில்லை. பல வருடம் கழித்து உஷா ஒரு பேட்டியில் அந்த நாளின் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார். ஒலிம்பிக் கிராமத்து உணவு எதுவும் ஒத்துக்கொள்ளாமல் அரிசிக் கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும் சாப்பிட்டு ஓடியதாகவும், கடைசி 35 மீட்டரில் அது தன்னைப் பாதித்ததாகவும் சொன்னார். தங்கம் வென்ற மொராக்கோவின் நவல் எல் முத்தவாக்கில் அப்போது அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவி. படிப்பும் பயிற்சியும் ஒரே வளாகத்தில் அமைந்தவர். நாட்டிலேயே வேகமான பெண்ணுக்குக் கஞ்சியும் ஊறுகாயும்தான் வாய்த்தது என்பதைப் படித்த அன்று எனக்கு எங்கள் மெஸ் நினைவுதான் வந்தது. ஓடுகிற கால்களுக்கு என்ன சாப்பிடக் கொடுப்பது என்று யாராவது முன்கூட்டி உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அது ஓடுகிறவளின் வேலை அல்ல.

ஒரு சனிக்கிழமை என் அண்ணன் ஊரிலிருந்து கடலைமிட்டாயும் வறுத்த கடலையும் கொண்டுவந்தார். விடுதிக் கதவு பூட்டியிருந்ததால் மைதானத்து வேப்பமரத்தடியில் ஆறு மணி வரை உட்கார்ந்திருக்க நேர்ந்தது. கோவில்பட்டியில் வளர்ந்தவருக்கு ஹாக்கி என்றால் உயிர். எங்கள் ஊரில் ஹாக்கிப் போட்டி நடந்தால் கடையைச் சாத்திவிட்டு வந்து நிற்பார்கள். தங்கை தாவணியைச் சொருகிக்கொண்டு ஆடுவதை அன்றுதான் அவர் முதன்முதலாகப் பார்த்தார். ஊரில் போய் என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயம். "நெட்டுக்குப் பக்கத்துல நிக்கிற பிள்ள பந்த விட்டுக்கிட்டே இருக்கு, அவளப் பின்னால போடச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனார்.

மைதானத்துக்கு நாங்கள் ஆரோக்கியத்துக்காகப் போகவில்லை. அந்தப் பேச்சையே யாரும் பேசவில்லை. முதலில் கதவு பூட்டியதால் போனோம். பிறகு, நான் போகாவிட்டால் பக்கத்துக்கு நாலு பேர்தான் நிற்பார்கள், ஆட்டம் நடக்காது என்பதால் போனேன். ஞாயிற்றுக்கிழமை கதவைப் பூட்ட மாட்டார்கள். ஆனாலும் அன்றும் யாரும் உள்ளே இருக்கவில்லை. விளையாடி முடித்தால் அகோரப் பசி. எட்டு மணிக்கு மெஸ்ஸில் சோற்றுக் குண்டான் காலி. பத்து மணிக்கு எல்லா அறையிலும் விளக்கு அணைந்திருக்கும்.

எல்லோருக்கும் இது கிடைக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள். மூன்றரை மணிக்கு டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். அதுதான் அவர்களுடைய ஓட்டம். சுண்டலும் அவர்களுக்குக் கிடையாது. மாதவிலக்கு நாட்களில் மரத்தடியில் உட்கார அனுமதி உண்டு, ஆனால் அதை எல்லோர் முன்னாலும் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. கல்யாணம் நிச்சயமாகி இரண்டாம் வருடத்தோடு போனவர்கள் உண்டு. என் அணியில் நின்ற ஐந்து பேரில் எவரும் கல்லூரிக்குப் பிறகு ராக்கெட்டைத் தொடவில்லை. தொடுவதற்கு ஊரில் பெண்களுக்கென்று ஒரு கோர்ட் எங்கே இருந்தது?

அந்த அண்ணனின் மகள் இப்போது சென்னைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் வருடம். ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனபோது அவளைப் பார்க்கப் போனேன்.

"அத்தே, எங்க கிரவுண்டப் பாத்தா அசந்துருவீங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அசந்துதான் போனேன். செயற்கைப் புல் விரித்த கால்பந்து மைதானம். இரவிலும் ஆட உயரமான விளக்குக் கம்பங்கள். உள்ளரங்கில் மரத்தரை போட்ட பேட்மின்டன் கோர்ட்டுகள். பெண்கள் விடுதியின் கீழ்த்தளத்தில் ட்ரெட்மில், சைக்கிள், எடைக்கருவிகள் கொண்ட ஜிம். உடைந்த ராக்கெட்டை மாற்றி மாற்றி ஆடிய எனக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. நம் வீட்டுப் பெண்களுக்கு இதெல்லாம் கிடைத்திருக்கிறது.

"நீ எப்ப தாயி விளையாடுவ?"

"அதுக்கு எங்கத்தே நேரம்?"

அவளுடைய நாளைக் கேட்டேன். எட்டு மணிக்கு முதல் வகுப்பு. ஏழு மணிக்குத்தான் மெஸ் திறக்கிறது. குளியலறை வரிசையில் நின்று வந்தால் இட்லி சாப்பிட நேரமில்லை. பத்தரை மணி இடைவேளையில் கேன்டீனில் டீயும் பப்ஸும். மதியம் சோறு. நாலே காலுக்கு வகுப்பு முடிகிறது. நாலரையிலிருந்து ஆறு வரை பிளேஸ்மென்ட் டிரெய்னிங். வராவிட்டால் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு உட்கார முடியாது. ஆறரைக்குப் பெண்கள் விடுதியில் விரல் ரேகை வைத்து உள்ளே போய்விட வேண்டும். அதற்குப் பிறகு கேட் பூட்டு. ஆண்கள் விடுதிக்கு ஒன்பதரை.

ஏழு மணிக்கு மைதானத்து விளக்குகளைப் போட்டார்கள். அவளுடைய அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அன்று எங்களை உள்ளே போகவிடாமல் பூட்டினார்கள், இன்று இவர்களை வெளியே போகவிடாமல் பூட்டுகிறார்கள். இடையில் 40 வருடம் போயிருக்கிறது, பெண்களின் படிப்பும் சம்பளமும் எங்கேயோ உயர்ந்திருக்கிறது, ஆனால் மாலை நேரம் மட்டும் இந்தப் பிள்ளைகளின் கையிலிருந்து போய்விட்டது.

இரவுச் சாப்பாட்டுக்கு அவள் மெஸ்ஸுக்கு வரவில்லை. பசிக்கவில்லை என்றாள். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த உடம்புக்கு ஏழரை மணிக்கு எப்படிப் பசிக்கும்? ஒன்பதரைக்குப் பசித்தது. அறைத்தோழிகள் சேர்ந்து செல்போனில் ஃப்ரைடு ரைஸும் சிக்கன் 65-உம் சொன்னார்கள். பத்து மணி வரை கேட்டில் பார்சல் வாங்கிக்கொள்ளலாம். வாசலில் டெலிவரிப் பையன்களின் வண்டிகள் வரிசையாக நின்றன. பாதுகாவலர் ஒவ்வொரு பொட்டலத்தையும் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார். ஆறரைக்கு மேல் ஒரு பெண் தாண்டக் கூடாத கேட்டைப் பத்து மணி வரை பொரித்த கோழி தாண்டிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குப் படுத்தார்கள். காலையில் எழ முடியவில்லை. மறுபடியும் இட்லி இல்லை.

இந்தப் பெண்களுக்கு உணவைப் பற்றித் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என்னைவிட நன்றாகத் தெரிகிறது. எதில் எத்தனை கலோரி என்று சொல்கிறார்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை அண்ணன் மகளுக்கு மனப்பாடம். நாங்கள் அப்படியொரு எண் இருப்பதே தெரியாமல் வாரத்துக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தோம்.

கல்லூரியும் சும்மா இருக்கவில்லை. நடந்த காலடிகளைச் செல்போன் செயலியில் காட்டினால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் ஒரு கிரெடிட் என்று திட்டம் வைத்திருக்கிறார்கள். தேர்வு நெருங்கும்போது நடக்கப் போகும் ஒருத்தியிடம் மற்றவர்கள் தங்கள் போன்களைக் கொடுத்தனுப்புகிறார்களாம். 1971-இல் எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார். துண்டுகளைப் பொருத்தி உருவம் செய்யும் புதிர் ஒன்றைக் கொடுத்து, ஒரு குழுவுக்கு மட்டும் இடையில் பணம் கொடுத்தார். பணம் நின்றதும் அந்தக் குழு ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடுவது குறைந்துபோனது. பிற்பாடு ரிச்சர்ட் ரயனோடு சேர்ந்து அவர் எழுதியவற்றின் சாரம், ஒரு காரியத்தில் மனிதர் நிலைக்க மூன்று வேண்டும் என்பது. தானே தேர்ந்தது என்ற உணர்வு, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, கூட ஆள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. எங்களைப் பூட்டித் தள்ளிய அந்தக் கதவு முதல் உணர்வுக்கு நேர் எதிரானது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் மேடம் இந்த மூன்றையும் தயாராக வைத்திருந்தார். எந்த ஆட்டம் என்று நாங்கள்தான் தேர்ந்தோம், நாளுக்கு நாள் பந்து கைக்குப் பழகியது, நாலு பேர் காத்து நின்றார்கள். செயலியில் சேரும் புள்ளிக்காக யாரும் காத்து நிற்பதில்லை.

போன வருடம் உடல் நலத்தைப் பற்றி ஒரு பேச்சாளரைக் கூப்பிட்டு மோட்டிவேஷன் வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். குளிரூட்டிய அரங்கில், மாலை நாலரையிலிருந்து ஆறு வரை. வருகைப் பதிவு கட்டாயம். விளையாடச் சொல்வதற்காக விளையாடும் நேரத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று அவள் சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது.

பையன்கள் பக்கம் வேறு கதை. அவளுடைய வகுப்பு மாணவர்களில் பலர் வெளியே ஜிம்முக்குப் பணம் கட்டிப் போகிறார்கள். மாதாமாதம் ஆயிரக்கணக்கில் கொடுத்து புரோட்டீன் பவுடர் வாங்குகிறார்கள். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. ஐம்பது கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்தால் 9 கிராமுக்கு மேல். பால், தயிர், பருப்பு, சோறு இவற்றில் மிச்சம் வந்துவிடும். கடுமையாகப் பயிற்சி செய்கிறவருக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அதையும் சமையலறையிலிருந்தே எடுக்கலாம். புரதப் பொடிகளைத் தவிர்க்கச் சொல்லித்தான் 2024-இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் சொல்கிறது. கல்லூரி கேன்டீனில் அவித்த கடலை கிடைக்கிறதா என்று கேட்டேன். கிடையாது. பாக்கெட்டில் அடைத்த காரக்கடலை உண்டு.

பல்கலைக்கழக மானியக் குழு 2016-இலும் மறுபடி 2018-இலும் கல்லூரி வளாகங்களில் நொறுக்குத் தீனிகளைத் தடை செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. இந்த ஒன்றைக் கொடுக்காதே என்று சொல்வது எளிது. நாலரை மணிக்குப் பசியோடு வகுப்பை விட்டு வரும் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்பதைச் சமைக்கிறவர்கள்தான் சொல்ல முடியும். நம் அரசுப் பள்ளிகளில் 2022 செப்டம்பரிலிருந்து தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டி போடுகிறார்கள், மதுரையில்தான் தொடங்கினார்கள். ஆறு வயதுப் பிள்ளை உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்காருகிறது. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிய பத்தொன்பது வயதுப் பெண் வெறும் வயிற்றோடு சர்க்யூட் தியரி கேட்கிறாள்.

அவள் போகிற போக்கில் சொன்ன இன்னொன்றுதான் என்னை உட்காரவிடவில்லை. கல்லூரியில் ரத்த தான முகாம் நடந்தபோது ஆசையாகப் போய் வரிசையில் நின்றாளாம். ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். அவளுக்கு 9.6. திருப்பி அனுப்பிவிட்டார்கள். "என்னைய மட்டும் இல்லத்தே, எங்க ஃப்ளோர்ல முக்காவாசிப் பேரத் திருப்பிட்டாங்க" என்றாள், அதில் ஒன்றும் இல்லை என்பது போல.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடையில் இருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 31 சதவீதம். எடை ஏறுகிறது, ரத்தம் ஏறவில்லை. வறுமையில் வந்த 9 எங்கள் அட்டையில் இருந்தது. அண்ணனின் கடை நன்றாக ஓடுகிறது, மகள் கேட்டதை வாங்கித் தருகிறார், அவள் அட்டையிலும் அதே 9.

அன்றிரவே அண்ணனுக்குப் போன் செய்தேன். கேட் நேரம் ஆறரை என்பது கல்லூரி தானாக வைத்ததல்ல. வார்டன் அம்மாவிடம் பேசியபோது அவர் ஒரு கோப்பை எடுத்துக் காட்டினார். எட்டு மணி என்று இருந்ததைக் குறைக்கச் சொல்லிப் பெற்றோர் கொடுத்த கடிதம் அதில் இருந்தது. அண்ணன் கையெழுத்தும் இருந்தது.

"காலம் கெட்டுக் கெடக்கும்மா. பொட்டப்புள்ளைய ராத்திரி எட்டு மணி வரைக்கும் வெளிய விடச் சொல்றியா?"

"வெளிய இல்லண்ணே, காம்பவுண்டுக்குள்ள. லைட்டு எரியுது, செக்யூரிட்டி நிக்கிறாங்க. சோத்துப் பார்சல் கொண்டாற பையன் பத்து மணி வரைக்கும் கேட்டுல நிக்கலாம், உம் பொண்ணு கிரவுண்டுல நிக்கக் கூடாதா?"

அவர் பதில் சொல்லவில்லை. ரத்தக் கணக்கைச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது; அவள் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவ என்ன ஆடுவா?" என்று கேட்டார்.

"ஸ்கூல்ல ஹாக்கி ஸ்டிக் வாங்கிக் குடுத்தது நீதான. அத இங்க கொண்டாந்து பீரோவுக்குப் பின்னால வச்சிருக்கா."

மறுநாள் அவளும் அவள் தளத்துப் பெண்களும் என்னோடு உட்கார்ந்து கல்லூரிக்கு மனு எழுதினார்கள். பெண்கள் விடுதி கேட் நேரத்தை மைதானத்துக்கு மட்டுமாவது எட்டாக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மாலைப் பயிற்சி வகுப்பு வைக்கக் கூடாது. மெஸ்ஸை ஆறரைக்குத் திறக்க வேண்டும், அல்லது இட்லியைக் கட்டிக் கொடுக்க வேண்டும். வகுப்பு முடியும் நேரத்தில் அவித்த பயறு வேண்டும். அணியில் இல்லாத பெண்களுக்கும் கோர்ட் வேண்டும். கடைசிக் கோரிக்கையை எழுதியவள் இதுவரை எந்த ஆட்டமும் ஆடாத ஒரு பெண். தனக்கு ஆடத் தெரியாது என்பதாலேயே யாரும் கூப்பிடுவதில்லை என்றாள்.

மெஸ் கான்ட்ராக்டர் பயறுக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். மெஸ்ஸை ஆறரைக்குத் திறக்க இரண்டு ஆட்கள் கூடுதலாக வேண்டும் என்கிறார், பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேட் நேரத்தை மாற்றப் பெற்றோரில் பாதிப்பேராவது எழுதித் தர வேண்டும் என்று கல்லூரி சொல்லியிருக்கிறது. அண்ணன் தன் பழைய கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டார். இப்போது கடையைச் சாத்திய பிறகு, மகளிடம் வாங்கிய பட்டியலை வைத்துக்கொண்டு மற்ற அப்பாக்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்துகொண்டிருக்கிறார். அம்மாக்களிடம் நான் பேசுகிறேன். செமஸ்டர் தொடங்கியதும் இதை முடிவு செய்யும் கமிட்டி கூடுகிறது.